காதில் விழுந்த எழுத்தாளர்கள்

பேட்டியைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் தொழிலில், ஒரு மணி நேரப் பேச்சு என்பது ஆறு மணி நேர வேலை. காதில் ஒயரை மாட்டி, கேட்டு, நிறுத்தி, திரும்பக் கேட்டுத் தட்டுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தலையாட்டுவீர்கள்.

சங்கரன்கோவிலில் எங்கள் ஆசிரியர் ஒரு சிறுபத்திரிகை நடத்துகிறார். எழுத்தாளர்களையும் ஓவியர்களையும் தேடிப்போய்ப் பேசி, செல்போனில் பதிந்து எனக்கு அனுப்புவார். நான் ஒன்பதாம் வகுப்போடு தட்டச்சில் லோயர் பரீட்சை முடித்தவன். அவர்கள் முன்னால் போய் நில் என்றால் எனக்கு வாய் வராது. காதுக்குள் கேட்பதென்றால் சுகம். இதுவரை நாற்பத்து மூன்று பேர். இருமல், பெருமூச்சு உட்பட எதையும் விட்டதில்லை. வெட்டுவது ஆசிரியர் பாடு. இந்தப் பழக்கத்தால் ஒரு கதாசிரியையின் எழுத்தே நின்றுபோக இருந்தது. அதற்கு வருகிறேன்.

தட்டிய பிரதியைப் பேசியவருக்கே அனுப்பிச் சரிபார்க்கச் சொல்வோம். எல்லாக் கூத்தும் அங்கேதான் ஆரம்பம்.

நூற்றுப் பன்னிரண்டு

குருவிகுளம் பக்கத்து நாவலாசிரியர், மானாவாரி விவசாயி. மழை வராத வருடத்தைப் பற்றி அவர் பேசியபோது இரண்டு இடத்தில் தட்ட மறந்து உட்கார்ந்துவிட்டேன். ஆனால் வாயைத் திறந்தால் ‘அதாவது’. ஐம்பது நிமிடத்தில் நூற்றுப் பன்னிரண்டு. அத்தனையையும் தட்டி, எண்ணிக்கையையும் ஓரத்தில் பென்சிலால் குறித்திருந்தேன். “அண்ணாச்சி, மனுசனைக் கேலி பண்ணுத மாதிரில்லா இருக்கு” என்றார் ஆசிரியர். அதற்குள் பிரதி போய்விட்டது.

நாலாம் நாள் நாவலாசிரியரே போன் செய்தார். நான் எழுந்து நின்றுகொண்டுதான் பேசினேன். அவர் சொன்னது: “புது நாவல்லயும் இத்தனை கிடக்கோன்னு உக்காந்து எண்ணுனேன் அண்ணாச்சி. முப்பத்தொண்ணு இருந்துச்சு. எல்லாத்தையும் வெட்டிட்டேன், கதைக்கு ஒரு கொறையும் வரல.”

பதில் இல்லை

கடையநல்லூர் ஓவியர் ஒருவரிடம், “படம் முடிந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?” என்று கேட்டார் ஆசிரியர். அதன் பிறகு பேச்சே இல்லை. ‘பதில் இல்லை, ஐம்பத்திரண்டு விநாடி. நடுவில் நாற்காலி இழுக்கும் சத்தம்’ என்று தட்டினேன். ஏழு தடவை கேட்டுத்தான் நாற்காலி என்று முடிவு செய்தேன்.

திரும்பி வந்த பிரதியில் அந்த இடத்தில் அழகான கையெழுத்தில் இரண்டு வரி இருந்தது. படித்துவிட்டு அந்த ஐம்பத்திரண்டு விநாடியை எட்டாவது தடவையாகக் கேட்டேன். அவர் எழுதியிருந்தது: “நாற்காலி இல்லை அண்ணாச்சி, எழுந்து போய் படத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். அதுதான் பதில்.”

பத்தொன்பது வார்த்தை

கதாசிரியை தையல் கடை வைத்திருக்கிறார். அவர் எழுதுவது புனைபெயரில் என்று எனக்குத் தெரியாது. கடையில் வைத்து எடுத்த பேட்டி. நடுவில் ஒரு பெண் வந்து அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, “என் ரவுக்கை தச்சாச்சா?” என்றாள். பெயர், ரவுக்கை, எல்லாவற்றையும் தட்டினேன். ஆசிரியருக்கு அப்போது காய்ச்சல். இருமலையெல்லாம் வெட்டியவர் இதைக் கவனிக்காமல் அச்சுக்குப் பக்கம் கட்ட அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலையில் பிரதியோடு கதாசிரியையே என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். “என் கதை பூராவும் எங்க தெருதான் அண்ணாச்சி. அளவு குடுக்க வாரவ சொல்லுததுதான். எழுதுதது நான்னு தெரிஞ்சா எவ என் முன்னால வாயத் தொறப்பா? அப்புறம் நான் எத எழுத?” ஆசிரியருக்குப் போன் போட்டேன். “பேரை எடுத்திரலாம், அந்த நாலு வரியையே எடுத்திரலாம். ஆனா அதே அளவுக்கு வேற குடுக்கணும். இல்லன்னா பக்கமெல்லாம் நகந்துரும்” என்றார். எண்ணிப் பார்த்தேன். பத்தொன்பது வார்த்தை.

கதாசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அளவு சொல்லிட்டீங்கள்லா, தட்டுங்க” என்றார். “அளவெடுக்கும்போது...” என்று ஆரம்பித்தவர், “வேண்டாம், அதுல கடை தெரியுது” என்று நிறுத்தினார். பிறகு நிறுத்தாமல் சொன்னார்: “ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது நான் கதையைத் தேடுவதில்லை. பேசி முடித்து, வாசல்வரை போய், எதையோ மறந்தவர்போலத் திரும்பி ஒரு வார்த்தை சொல்வார். அதுவரை அவர் சொன்னதெல்லாம் அதை மறைக்கத்தான்.” எண்ணினேன், இருபது. நான் சொல்வதற்கு முன்பே, “அந்த ‘அவர்’ எதுக்கு? எடுத்துருங்க” என்றார். நாற்பத்து மூன்று பேரைக் காதால் கேட்டிருக்கிறேன். ஒருவர் எழுதுவதைக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

இதழ் வந்த பிறகும் எனக்குச் சோறு இறங்கவில்லை. பத்தாம் நாள் அவர் போன் செய்தார், சிரிப்பை அடக்க முடியாமல். அதே பெண் அந்த இதழைக் கையில் வைத்துக்கொண்டே கடைக்கு வந்தாளாம். வந்து அவள் சொன்னது: “யாருன்னு தெரியலக்கா, நம்ம தெருவுல கேமரா வச்சவ மாதிரில்லா எழுதுதா! கையில மட்டும் கிடைக்கட்டும்... சரி, இந்தக் கையில அரை இஞ்சு பிடிச்சுக் குடுங்க.”

இதை எழுதும் முன் அவரிடம் அனுமதி கேட்டேன், தொழிலை மட்டும் மாற்றிவிடச் சொன்னார், மாற்றிவிட்டேன், ஆகவே ஊரில் தையல் கடை வைத்திருக்கும் பெண்களிடம் நாளை முதல் யாரும் வாய் திறக்காவிட்டால் அந்தப் பழி என்னைச் சேரட்டும்.