மல்லாட்டை மில்லுக்கு லேபர் ஆபீசர் வந்தார்

இன்று மதியம் திண்டிவனத்தில் விழுப்புரம் பஸ் ஏறினேன். பக்கத்தில் எங்கள் தெரு அஞ்சலை. மல்லாட்டை மில்லில் வேர்க்கடலை உடைக்கிறவள்.

"என்ன அஞ்சல, இந்நேரத்துக்கே கெளம்பிட்ட?"

"லேபர் ஆபீசரு வர்றாருக்கா. ரேடியோவுல சொன்னாங்களே, கவர்மெண்டு வெச்ச கூலி, அதக் குடுக்கறாங்களான்னு பாக்க. அதான் மொதலாளி காலையிலயே எங்க எல்லாரையும் பின்பக்கமா அனுப்பிட்டாரு. திரும்பக் கூப்புடுவாங்கன்னு இவ்ளோ நேரம் பஸ் ஸ்டாண்டுலயே குந்திக்கினு இருந்தேன். இன்னிக்குக் கூலி போச்சு."

பஸ் கிளம்பும்போது ஃபைலோடு ஒருவர் ஏறி எங்கள் முன்சீட்டில் உட்கார்ந்தார். கண்டக்டர் அவருக்குத் தெரிந்தவர் போலிருக்கிறது. "மல்லாட்டை மில்லுக்கு இன்ஸ்பெக்‌ஷன் போனேன்பா. கூலிக்கு ஆளே இல்லையாம், வீட்டு ஆளுங்களே பாத்துக்கிறாங்களாம்" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "சார், இவங்க அந்த மில்லு ஆளுதான்."

அவர் திரும்பினார். "அப்படியாம்மா?"

அஞ்சலை என் கையை இறுக்கிப் பிடித்தாள். "இல்லீங்க சார். நான் கல்யாணத்துக்குப் போய்ட்டு வர்றேன்."

அவள் தலை முழுக்க மல்லாட்டைத் தூசி. அதை அவர் நன்றாகவே பார்த்தார். பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நாளைக்கு எனக்கு வேல வேணாமாக்கா?" என்று அஞ்சலை என் காதில் கிசுகிசுத்தாள்.

யார் வீட்டுக் கல்யாணம் என்றாவது அவர் கேட்டிருக்கலாம். நீங்களாக இருந்தால் கேட்டிருப்பீர்களா?