மேட்டுக் கோயிலில் ஒரு சத்தியம்

ரூபிகாவுக்குக் கடைவாய்ப் பல் விழுந்தது திங்கட்கிழமை. மறுநாளே புருஷன் சாரங்கன் அவளைக் கொட்டாஞ்சேனை மேட்டிலுள்ள மாதா கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனான். பல்லை உடைத்தவனும் அவன்தான்.

வெள்ளவத்தைச் சேலைக் கடையொன்றில் பன்னிரண்டு வருஷமாக நின்றபடி சேலை விரித்துக் காட்டுகிறவள் ரூபிகா. முகம் வீங்கியிருந்தால் "பல்லுக்கொதி" என்று பல்வலிமேல் பழிபோடுவாள். வாங்க வந்தவர்களும் நம்பியதுபோல் அடுத்த சேலையை எடுக்கச் சொல்வார்கள். நல்ல சனங்கள்தான், போங்கள்! எட்டு வருஷம் அடி வாங்கியவளுக்கு, ஆறு வயது ஹம்சிகாவின் முதுகு பெல்ட்டடியில் கிழிந்த அன்றுதான் பொறுக்கவில்லை. கூட வேலை செய்யும் பைறோஸாவின் தெஹிவளை வீட்டில் பிள்ளையை ஒளித்துவைத்தாள். முஸ்லிம் வீட்டில் தேட அவனுக்குத் தோன்றாது. பொலிசுக்கும் போகமாட்டான், பிள்ளையின் முதுகே அவனைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒன்பது நாள் அடித்தான்.

"எங்கையடி பிள்ளை?"

"ஒரு ஆளிட்டைக் குடுத்துவிட்டனான். அவை எங்கை கொண்டு போனவையெண்டு எனக்குத் தெரியாது."

"அதை மாதாவுக்கு முன்னால சொல்லு பாப்பம்."

அடித்தும் பேசியும் தீராத வழக்கென்றால் அந்தப் பக்கத்தில் சைவர்களும் அந்த மேட்டில்தான் ஏறுவார்கள். ஒருவர் தலையில் கைவைத்துப் பொய்ச்சத்தியம் செய்தால் மாதா அந்தத் தலையை எடுத்துவிடுவாள் என்பது பேச்சு. வீட்டுச் சாமிக்குப் பயப்படாத சாரங்கன் இந்த மாதாவுக்கு நடுங்குவான். ரூபிகாவும் அப்படித்தான்.

படி முழுக்க அவள் கையை முறுக்கியபடியே ஏற்றினான். மேலே நின்றால் கொழும்பு முழுவதும் தெரியும். துறைமுகம், தாமரைக் கோபுரம், தெற்கே தெஹிவளைப் பக்கம் கடலோரப் புகைமூட்டம். அந்தப் பக்கம் கண் போனால் கண்டுபிடித்துவிடுவானோ என்று நிலத்தையே பார்த்து நடந்தாள்.

உள்ளே இருவரும் முழந்தாளில் இருந்தார்கள். சாரங்கன் சட்டைப் பையிலிருந்து ஹம்சிகாவின் படத்தை எடுத்து மாதாவின் காலடியில் வைத்தான்.

"பிள்ளையின்ர தலையில கைவைச்சுச் சொல்லு."

உண்மையைச் சொன்னால் பெல்ட். பொய் சொன்னால் மாதா. இரண்டும் பிள்ளை மேல்தான் விழும். பாவி, தேடித் தேடி இந்தப் படத்தைக் கொண்டுவந்திருக்கிறான்! அவன் விரல்கள் அவள் பிடரியை நெரித்தன.

"சொல்லடி!"

சட்டென்று எழுந்தாள். படத்தைத் தொடவில்லை. முழந்தாளில் இருந்தவனின் தலைமயிரை ஒரு கையால் கொத்தாகப் பிடித்து, உச்சந்தலையில் மற்றக் கையை அழுத்தினாள்.

"என்ர பிள்ளை எங்கையெண்டு எனக்குத் தெரியாது. நான் சொல்லுறது பொய்யெண்டால், மாதாவே, இந்தத் தலை சிதறட்டும்!"

மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்த சனம் திரும்பிப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டது. சாரங்கன் திமிறி எழுந்து அவள் வாயில் குத்தினான். வெளியே முற்றத்தில் தள்ளி விழுத்தி உதைத்தான். இரண்டு பேர் வந்து இழுத்துப் பிடித்த பிறகுதான் விட்டான்.

பாதிப் படி இறங்கும்போது அவன் நின்றான். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"ரூபி... பொய்யெண்டால் இப்பவே மேல போய் மாத்திச் சொல்லு. நான் அடிக்கமாட்டன்."

எட்டு வருஷத்தில் அவன் கெஞ்சி அவள் கேட்டதில்லை. கேட்கக் கேட்க அவளுக்கு இனித்தது. சேலைத் தலைப்பால் வாயிலிருந்த இரத்தத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு என்ன பயம்? நான்தான் சத்தியம் பண்ணிப்போட்டனே."