ஒட்டிய இரண்டு புள்ளிகள்

இன்று காலை என் மகள் முதன்முதலாகத் தானே வாசலில் புள்ளி வைத்தாள். ஏழு வயது. இரண்டு புள்ளிகள் ஒட்டிக்கொண்டன. அழிக்கக் குனிந்தேன், கை நின்றுவிட்டது. ஈரத் தரையில் கோலமாவு வாசனை எழுந்தால் எனக்கு இன்னும் கிட்டார்தான் நினைவுக்கு வரும். ஏனென்று சொன்னால் சிரிப்பீர்கள்.

அப்போது ஆரம்பாக்கத்தில் இருந்தோம். இவள் கைக்குழந்தை. கும்மிடிப்பூண்டியில் ஒரு நர்சரிப் பள்ளியில் நான் தற்காலிக டீச்சர். வழிபாட்டுப் பாட்டுக்குக் கிட்டார் வாசிக்கும் டீச்சர் கல்யாணமாகிப் போகிறார். வெள்ளிக்கிழமைக்குள் நான் பழகிவிட்டால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் வேறு ஆள் என்றார் தலைமையாசிரியை. கிட்டாரோ அவர் அறையில் பூட்டியிருக்கும். மதியம் பத்து நிமிடம்தான் கைக்கு வரும்.

"ஈக்கு அடுத்த கட்டமே எஃப். பீக்கு அடுத்த கட்டமே சி. மத்ததுக்கெல்லாம் நடுவுல ஒரு கட்டம் சும்மா விடணும். அவ்ளோதான்" என்றார் போகிற டீச்சர். அவருக்கு அவ்வளவுதான். சுரத்துக்கு ஆங்கில எழுத்துதான் பெயர், கிட்டார்க் கழுத்தில் கம்பி பிரிக்கும் இடம்தான் கட்டம் என்பதே எனக்கு அந்த வாரம்தான் தெரியும்.

வீட்டில் கிட்டாருக்கு எங்கே போவேன்? காலையில் வாசலில் ஆறு தந்திக்கு ஆறு கோடு இழுத்து, அந்தப் பாட்டில் வரும் சுரங்களுக்கு மட்டும் புள்ளி வைத்து, தொட்டுத் தொட்டு முணுமுணுப்பேன். வியாழக்கிழமை, பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுத் தேவகி அக்கா குடத்தோடு வந்து நின்றாள்.

"இன்னா டீச்சரம்மா, நாலு நாளா வெறும் கோடாவே போட்டுக்கினு கீற?"

"புதுசுக்கா. பழகிக்கினு இருக்கேன்."

"நல்லா பழகுன. எல்லாம் தள்ளித் தள்ளிக் கீது, இந்த ரெண்டு மட்டும் ஒட்டிக்கினு கீது பாரு. புள்ளி தப்பு."

பி.யு.சி. படித்தவள் நான். ஆனாலும், டீச்சர் சொன்னதை நான்தான் தப்பாகக் கேட்டேனோ என்று தோன்றிவிட்டது. ஈக்கு அடுத்த புள்ளியைத் துடைத்துத் தள்ளி வைத்தேன். பார்க்க அழகாகவே இருந்தது. அன்று பார்த்து தலைமையாசிரியை வரவில்லை, கிட்டார் கிடைக்கவில்லை. திரும்பும் ரயிலில் விரல்கள் புதுக் கணக்கையே முன்கையில் தட்டிக்கொண்டு வந்தன.

வெள்ளிக்கிழமை. குழந்தைகள் வரிசையாக நின்றார்கள். பால் கட்டி மார்பு வலித்தது. முதல் வரி ஈயில் முடிந்தது, அடுத்தது எஃப். அழுத்தினேன். சுரம் கசந்தது. குழந்தைகள் ஒவ்வொருவராகப் பாட்டை நிறுத்தினார்கள். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன டீச்சர்?" என்றார் தலைமையாசிரியை.

நான் துடைத்த இடத்தில் ஈரத்தோடு அப்பியிருந்த வெள்ளைத் தடம்தான் கண்ணில் நின்றது. விரலை ஒரு கட்டம் பின்னால் இழுத்தேன். காதைப் பொத்தியவள் கையை எடுத்தாள். பிறகு பாடினாள்.

திங்கட்கிழமை அந்த அறைச் சாவி என் கைக்கு வந்தது. நான்கு வருடம் வாசித்தேன். விரல் நுனியெல்லாம் காய்த்துப்போய், கன்னத்தைத் தொட்டால் மகள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பிறகு பள்ளியை மூடிவிட்டார்கள். கிட்டார் யாரிடம் போனதோ தெரியாது.

இன்று அந்தப் புள்ளிகளை அப்படியே விட்டுவிட்டு அவள் கன்னத்தைத் தொட்டேன். அவள் முகத்தைத் திருப்பவில்லை.