பஸ் ஹார்னில் பாஸான இயர்பட்ஸ்

போன வாரம் தஞ்சாவூரில் ஒரு மொபைல் கடையில் என் வீட்டுக்காரரை அடமானம் வைத்தேன்.

சிரிக்காதீர்கள். நிஜமாகவே வைத்தேன். எதற்கு என்று கேளுங்கள்…

என் மருமகள் சுகன்யா கல்யாணத்துக்கு முன் சென்னையில் ஒரு ஹோட்டல் புக்கிங் கம்பெனியில் கஸ்டமர் கேர் வேலை பார்த்தவள். கல்யாணமாகி எங்கள் ஊருக்கு வந்தாள், வேலை போச்சு. ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு சென்னை ஆபீசுக்கு எப்படிப் போவது? இரண்டு வருஷம் சும்மா இருந்தாள். சும்மா என்றால்… எங்கள் வீட்டு வேலை முழுக்கப் பார்த்தாள். அதைத்தான் நாம் 'சும்மா' என்கிறோம், பாருங்கள்!

போன மாசம் ஒரு நல்ல கம்பெனி இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது. வீட்டிலிருந்தே வேலை. மருமகளுக்குக் கால் தரையில் பாவவில்லை. எனக்கும்தான்.

ஆனால் எங்கள் வீட்டுக்கு எதிரே நெல் கொள்முதல் நிலையம். சம்பா அறுவடை. காலையில் ஆரம்பித்தால் இருட்டும் வரைக்கும் நெல் தூற்றுகிற மெஷின் ஓடும். கூடவே லாரி, லோடுமேன்கள் கூப்பாடு. எங்களுக்குப் பழகிப்போச்சு. இன்டர்வியூ எடுத்த அம்மாவுக்குப் பழகவில்லையே! அஞ்சு நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஏதாவது ஃபேக்டரிக்குள் உட்கார்ந்திருக்கிறீர்களா என்று கேட்டாராம். பேச்சு அதோடு முடிந்தது.

சுகன்யா அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

நல்ல மனுஷி போலிருக்கிறது அந்த அம்மா. இன்னொரு தடவை வாய்ப்புத் தருகிறேன் என்று மெயில் போட்டார். ஆனால் ஒரு கண்டிஷன். எங்கே உட்கார்ந்து வேலை பார்ப்பாளோ அதே இடத்திலிருந்துதான் பேச வேண்டும். சொந்தக்காரர் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பேசிவிட்டு வருகிற வேலையெல்லாம் கூடாது. இந்தத் தடவையும் சத்தம் கேட்டால் அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை இன்டர்வியூ. புதன்கிழமை நானும் வீட்டுக்காரரும் சுகன்யாவும் தஞ்சாவூருக்கு பஸ் ஏறினோம், இயர்பட்ஸ் வாங்க.

கடையில் இருந்த பெண் இரண்டு ஜோடியை எடுத்து வைத்தாள். ஒன்று கறுப்பு, விலை கூட. இன்னொன்று வெள்ளை, காதுக்குக் கீழே குச்சி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், விலை குறைச்சல். இரண்டு டப்பாவிலும் 'நாய்ஸ் கேன்சலேஷன்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. சரி, எதை எடுப்பது?

இந்த இடத்தில் என் வீட்டுக்காரர் உள்ளே புகுந்தார். அவர் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். அதைவிட முக்கியம், தவில் பைத்தியம். எந்தக் கோயிலில் எந்த நாள் யார் வாசிக்கிறார் என்று அவரைக் கேட்டால் தெரியும். எங்கள் பக்கத்தில் இது ஒரு வியாதி. டிவி வாங்கினாலும் தவில், கார் ஸ்டீரியோ வாங்கினாலும் தவில். தவில் ஒழுங்காகக் கேட்டால் அது நல்ல சாமான்! மருமகள் கையிலிருந்து கறுப்பு இயர்பட்ஸை வாங்கித் தன் காதில் மாட்டிக்கொண்டார். போனில் ஒரு தவில் தனியாவர்த்தனத்தைப் போட்டார். கண்ணை மூடிக்கொண்டார். தொடையில் தாளம் வேறு.

கறுப்புதான், பில் போடச் சொல் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். வலந்தலையும் தொப்பியும், அதாவது தவிலின் இரண்டு பக்கமும், தனித்தனியாகக் கேட்கிறதாம்!

எனக்குச் சுர்ரென்று வந்தது. இவள் என்ன தவில் வாசிக்கவா போகிறாள்? இவள் பேசுவது அங்கே எப்படிக் கேட்கும் என்று யார் பார்த்தது? கடைப் பெண்ணிடம் கேட்டேன். இங்கேயே பேசிப் பாருங்கள் அம்மா என்றாள். ஏசி கடையில், கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு! இங்கே தீப்பெட்டியில் நூல் கட்டிப் பேசினால்கூடத் தெளிவாகத்தான் கேட்கும்.

சுகன்யா இதை மாட்டிக்கொண்டு ரோட்டில் போய் நிற்கட்டும், நான் உள்ளே இருந்து போனில் கேட்கிறேன் என்றேன். சாமானை வெளியே எடுத்துப்போக விட மாட்டோம் என்றாள் அந்தப் பெண். அவள் சொல்வதும் நியாயம்தான்.

"இவரை இங்கே உட்கார வெச்சுக்கங்க. அவ திரும்பி வந்ததும் இவரை விட்டா போதும்" என்றேன்.

கடையே சிரித்தது. அந்தப் பெண் முதலாளியைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார். என் வீட்டுக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்தார். முகத்தைப் பார்க்கணுமே!

வெளியே பஸ் ஸ்டாண்டு ரோடு. சுகன்யா முதலில் கறுப்பைப் போட்டுக்கொண்டு கூப்பிட்டாள். அத்தை, இங்கே ஒரு சத்தமும் இல்லை, அவ்வளவு அமைதியாக இருக்கிறது என்றாள். எனக்கோ… ஹார்ன், ஆட்டோ, 'பட்டுக்கோட்டை பட்டுக்கோட்டை' என்று ஒரு கண்டக்டர் கத்துவது, இதற்கெல்லாம் பின்னால் எங்கோ என் மருமகள்! அவள் காதில் அமைதி விழுந்ததால் மெதுவாக வேறு பேசுகிறாள். இந்தக் காதுக்கு நிம்மதி, அந்தக் காதுக்கு சந்தை.

அடுத்து வெள்ளை. இந்தத் தடவை அவள் குரல் மட்டும்தான் வந்தது. சின்ன இரைச்சல் இருந்தது, அவ்வளவுதான். பஸ் எதுவும் போகவில்லையா என்று கேட்டேன். பக்கத்திலேயே நின்று ஹார்ன் அடிக்கிறான் அத்தை, எனக்குக் காது கிழிகிறது என்றாள்.

அவள் காதில் விழுகிற சத்தத்தை ஜன்னலைச் சாத்திக்கூடச் சமாளிக்கலாம். இன்டர்வியூ எடுக்கிற அந்த அம்மா காதில் விழுகிற சத்தத்தை நாம் போய்ச் சாத்த முடியுமா? வெள்ளைக்கு பில் போடச் சொன்னேன். அடமானத்தையும் மீட்டுக்கொண்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் யோசித்தேன். நாம் எல்லோருமே இப்படித்தானே? நமக்கு நன்றாகக் கேட்டால் போதும், எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். நாம் பேசுவது எதிராளி காதில் எப்படிப் போய் விழுகிறது என்று என்றைக்காவது வெளியே நின்று கேட்டிருக்கிறோமா? புருஷன், பெண்டாட்டி, மாமியார், மருமகள், ஹெட்மாஸ்டர்… யாரும் விதிவிலக்கு இல்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. மெஷினும் வந்தது. அன்றைக்குப் பார்த்து வானம் மூடியிருந்தது. ஒரு மணி நேரம் மெஷினை நிறுத்தச் சொல்லிக் கேட்டு வரட்டுமா என்றார் இவர். வேண்டாம் என்றேன். நாலு நாளாக விவசாயிகள் நெல்லைக் கொட்டிப் படுதா போட்டுக் காத்துக்கிடக்கிறார்கள். மழை வந்தால் ஈரப்பதம் அதிகம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவர்கள் பிழைப்பை நிறுத்திவிட்டு நம் வீட்டுக்கு வேலை வாங்குவதா?

சுகன்யா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். குக்கர் வைக்கவில்லை, மிக்ஸி போடவில்லை. இவரைத் தும்மக்கூட விடவில்லை.

இவளைச் சோதித்துப் பார்க்க, இன்டர்வியூவில் கோபமாகக் கத்துகிற கஸ்டமராக யாரோ நடித்திருக்கிறார்கள் போல. உள்ளே இவள் இங்கிலீஷில் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. நம் வீட்டில் இப்படி ஒரு குரல் இருந்ததா என்று எனக்கே ஆச்சரியம்.

திடீரென்று உள்ளே ஜன்னல் கொக்கியை எடுக்கிற சத்தம். மெஷின் இரைச்சல் பொங்கிக்கொண்டு கதவிடுக்கு வழியாக வந்தது. இவளுக்கு என்ன பைத்தியமா? எழுந்தேவிட்டேன். கதவைத் தட்டப் போன கையை இவர்தான் பிடித்துக்கொண்டார்.

அப்புறம் உள்ளே சிரிப்புச் சத்தம்.

நடந்தது இதுதான். வீடு மாற்றிவிட்டீர்களா, இவ்வளவு அமைதியாக இருக்கிறதே என்று அந்த அம்மா கேட்டாராம். அதே வீடுதான் மேடம் என்று சொல்லி, ஜன்னலைத் திறந்து, லேப்டாப்பைத் திருப்பி, தூசி பறக்க ஓடுகிற மெஷினைக் காட்டிக்கொண்டே பேசியிருக்கிறாள் இந்தப் பெண்! அப்போதும் அங்கே இவள் குரல் தெளிவாகக் கேட்டிருக்கிறது. வேலை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமையே சேரச் சொல்லிவிட்டார்கள்.

அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். நான் அழுதேன். ஆமாம், அழுதேன், அதற்கென்ன? கறுப்பில் தவில் இன்னும் நன்றாக இருந்தது என்று இவர் முணுமுணுத்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சாப்பிடும்போது சுகன்யா நிமிர்ந்து உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அத்தை, நாளைலேர்ந்து என் ஷிப்ட் நேரத்துல ரூம் கதவைத் தட்டாதீங்க. எதுவா இருந்தாலும் மெசேஜ் போடுங்க."

இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருஷத்தில் அவள் எனக்குப் போட்ட முதல் உத்தரவு. "சரிம்மா" என்றேன். இவ்வளவு சந்தோஷமாக நான் யாருக்கும் கீழ்ப்படிந்ததே இல்லை!