வலிக்காத இடத்துக்கு ஒரு நேர்ச்சை

எனக்கு எந்த வலியும் இல்லை. இந்தக் குழப்பமெல்லாம் அங்கிருந்துதான் ஆரம்பித்தது.

எனக்கு எழுதவும் வராது, படிக்கவும் வராது. நான் போனில் பேசப் பேச, ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் இருக்கும் என் மகள் ஜெசி கேட்டு எழுதுகிறாள். நான் பேசுகிறபடியே எழுதினால் வெளியூர்க்காரர்களுக்குப் பாதி புரியாதாம். சரி, உன் இஷ்டத்துக்குத் திருத்து, ஆனால் யார் என்ன பேசினார்களோ, ஏசினார்களோ அதை மட்டும் சொன்னபடியே போடு என்று சொல்லியிருக்கிறேன். என்னைப்போலப் பிள்ளைகளோடு இருக்க வெளிநாடு போய், அங்கே ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்து, நமக்கு என்ன வந்துவிட்டதோ என்று திகைத்து நிற்கிற அம்மாமார் இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இது.

நான் பிலோமி. தூத்துக்குடிக் கடற்கரைக்காரி. என் வீட்டுக்காரர் கொழும்புக்குத் தோணி ஓட்டியவர். அவர் காலமான பிறகு ஜெசி என்னைத் தன்னோடு கூட்டிப்போனாள். பெர்த்தில் எனக்கு எல்லாமே பிடித்திருந்தது. தெருவில் முன்பின் தெரியாதவர்கள்கூடச் சிரிக்கிறார்கள். கடல்தான் திசை மாறிக் கிடந்தது. எங்கள் ஊரில் சூரியன் கடலிலிருந்து எழும்பும். அங்கே கடலுக்குள் இறங்குகிறது. முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு, விடிகிறது என்று நினைத்துச் செபமாலையை எடுத்துவிட்டேன். பேரப்பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள்.

ஒருநாள் என் பெயருக்கு அரசாங்கத்திலிருந்து கடிதம் வந்தது. மார்பகப் புற்றுநோய் இருக்கிறதா என்று படம் எடுத்துப் பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள்.

“எனக்குப் புத்துநோய்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன்.

“எம்மா, ஒனக்குன்னு யாரும் சொல்லல. வயசான பொம்பளைய எல்லாரையும் கூப்பிடுவாங்க.”

“எல்லாருக்குமா வந்திருக்கு?”

“ஒருத்தருக்கும் வரலம்மா. வருதான்னு பாக்குறதுக்கு.”

எனக்கு விளங்கவில்லை. காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போவோம். காய்ச்சல் வருகிறதா என்று பார்க்க யாராவது போவார்களா? ஜெசி முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறவள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் மனதில் ஒன்று உறுத்தியது. விசாவுக்காகச் சென்னையில் என் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். அப்போதே எதையோ பார்த்துவிட்டு, இவள் பெர்த்துக்கு வந்து சேரட்டும், பிறகு சொல்லிக்கொள்வோம் என்று வைத்திருக்கிறார்களோ என்று நானாக முடிவு கட்டினேன். அது நுரையீரலுக்கு எடுத்த படம், இது வேறு என்று ஜெசி எத்தனை தரம் சொல்லியும் என் தலையில் ஏறவில்லை.

மேமோகிராம் (மார்பை இரண்டு பலகைக்கு நடுவே அழுத்தி எடுக்கிற எக்ஸ்ரே) எடுத்தவள் ஒரு சின்னப் பெண். அவள் கையும் சில்லென்று இருந்தது, இயந்திரமும் சில்லென்று இருந்தது. வடை தட்டுவதுபோலத் தட்டையாக்கிவிட்டாள். வலிக்கத்தான் செய்யும், பல்லைக் கடித்து ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ சொல்வதற்குள் முடிந்துவிடும். நாணம்தான் அதைவிடப் பெரிது. பிள்ளை பெற்ற நாளுக்குப் பிறகு நான் யார் முன்னாலும் ரவிக்கையைக் கழற்றியதில்லை. அந்தப் பெண்ணோ ஏதோ தேங்காய் பார்க்கிறவள்போல அவள்பாட்டுக்குப் பார்த்தாள். அதிலேயே என் கூச்சம் போய்விட்டது.

பிறகு ஒரு போன் வந்தது. மறுபடியும் வரவேண்டுமாம்.

போனை வைத்த ஜெசி என்னைப் பார்க்காமல் அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். “நெறைய பேர திரும்பக் கூப்பிடுவாங்கம்மா, முக்காவாசி ஒண்ணும் இருக்காது” என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். ஏற்கெனவே துடைத்த அடுப்பு அது.

நான் ஊருக்கு, என் லூர்து அக்காவுக்குப் போன் போட்டேன். எனக்குக் கூடப் பிறந்தவள் அவள் ஒருத்திதான். விஷயத்தைச் சொல்லி முடிக்கவில்லை, அங்கேயே சத்தமாக மாதாவைக் கூப்பிட்டுவிட்டாள்.

“மாதாவே, என் தங்கச்சி மாருல ஒண்ணும் இருக்கப்படாது! வெள்ளியில உருவம் வாங்கி ஒன் காலடியில வைக்கேன்!”

எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. கண் நோவு தீர்ந்தால் வெள்ளியில் கண், கால் குணமானால் வெள்ளியில் கால் என்று கோவிலில் கொண்டுபோய் வைப்போம். தீர்ந்த நோய்க்குத்தான் வைப்பது. இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத நோய்க்கு நேர்ந்தவள் எங்கள் அக்கா ஒருத்தியாகத்தான் இருப்பாள். அதோடு விட்டாளா? ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நோயாளிகளுக்கான மன்றாட்டில் என் பெயரையும் சேர்க்கச் சொல்லிவிட்டாள். நான் பெர்த்தில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்த நேரத்தில் ஊரே எனக்காக முழங்காலில் நின்றிருக்கிறது.

இரண்டாவது தடவை போனபோது ஜெசியை அறைக்கு வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். சொந்தப் பிள்ளை மொழிபெயர்த்தால் பயந்து பாதியை மறைத்துவிடுமாம். மேசைமேல் ஒரு போனை வைத்தார்கள். அதிலிருந்து தமிழ் வந்தது!

“வணக்கம் அம்மா. டொக்டர் சொல்லுறதை நான் உங்களுக்குத் தமிழில சொல்லுவன். நீங்கள் சொல்லுறதை அவவுக்குச் சொல்லுவன். பயப்பிடாதேங்கோ.”

“நீங்க எந்த ஊரும்மா?” என்று கேட்டேன்.

“நான் யாழ்ப்பாணம் அம்மா.”

“அட! எங்க வீட்டுக்காரர் கொழும்புக்கு எத்தன நடை தோணி ஓட்டிருக்காவ தெரியுமா? வரும்போது தேயிலையும் சோப்பும் வாங்கிட்டு வருவாவ. அந்தச் சோப்பு வாசன…”

“அம்மா, இதையும் நான் டொக்டருக்குச் சொல்லவோ?”

சொல்லிவிட்டது அந்தப் பிள்ளை. டாக்டரம்மா சிரித்துவிட்டு, எந்தச் சோப்பு என்று கேட்டார். அதன் பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

படத்தைக் காட்டினார். இடது மார்பில் வெள்ளை மணலைக் கிள்ளித் தூவியதுபோல இருந்தது. கால்சியம் துகள்கள் (சுண்ணாம்புச்சத்து சதைக்குள் பொடியாகப் படிவது). பெரும்பாலும் தீங்கில்லாதது, ஆனால் சில சமயம் கெட்டதின் முதல் அடையாளமாகவும் இருக்கும் என்றார்.

“சிப்பிக்குள்ள மண்ணு போயி முத்து ஆகுதே, அது மாதிரியா?” என்றேன்.

போனில் இருந்தவள் சொல்ல, டாக்டரம்மா யோசித்துவிட்டுப் பதில் சொன்னார். “முத்தெண்டால் எடுத்து உங்களிட்டயே தாறாவாம் அம்மா.”

அன்றே பயாப்சி (மரத்துப்போக மருந்து போட்டு, ஊசியால் துளிச் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவது) செய்தார்கள். முடிவு வருகிறவரை நான் பட்டதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஜெசி குடித்து வளர்ந்த மார்பு அது. குளிக்கும்போது அதைத் தொடவே பயமாக இருந்தது. வேறு யாருடையதையோ எனக்குத் தெரியாமல் என் மேல் ஒட்டிவிட்டதுபோல. வலித்தால் திட்டலாம், தைலம் தேய்க்கலாம். சும்மா இருக்கிற இடத்தை என்ன செய்வது?

முடிவு வந்தது. கெட்டது ஒன்றும் இல்லை. அந்தத் துகள்கள் அங்கேயே கிடக்கட்டும் என்றார்கள். இரண்டு வருடம் கழித்து மறுபடியும் கூப்பிடுவார்களாம்.

“அதான் ஒண்ணும் இல்லியே, பொறவு எதுக்குக் கூப்பிடுதாங்க?”

“எம்மா!” என்று ஜெசி தலையில் கை வைத்தாள். பிறகு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். நர்ஸ் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மாதா திருவிழாவுக்கு ஊருக்கு வந்தேன். வந்த அன்றே வீடு நிறைந்துவிட்டது. ஆளுக்கொரு ஹார்லிக்ஸ் பாட்டில், ஆரஞ்சுப் பழம், முந்திரி மக்ரூன் பெட்டி. உள்ளே வந்ததும் எல்லோர் கண்ணும் முதலில் என் முகத்துக்குப் போகவில்லை, சேலை முந்தானைக்குத்தான் போனது. இருக்கிறதா, எடுத்துவிட்டார்களா என்று எடை போடுகிறார்கள். நானோ பெர்த் வெண்ணெயில் ஒரு சுற்றுப் பெருத்து வந்திருந்தேன்.

“ரெண்டும் இருக்க மாதிரில்லா தெரியுது?” என்று ஒருத்தி காதைக் கடித்தாள்.

“ஏளா, அது வெளிநாடு. வேற வச்சுத் தைச்சிருப்பாவ” என்றாள் அடுத்தவள்.

“வந்து தொட்டுப் பாருங்களா!” என்றேன். சிரித்துக்கொண்டே ஓடிவிட்டார்கள். லூர்து அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் நேர்ச்சை வாங்க அக்காவும் நானும் கோவில் பக்கத்துக் கடைக்குப் போனோம். நோயே இல்லாதபோது எதற்கு வெள்ளி என்று வழியெல்லாம் கேட்டேன். “நேந்தது நேந்ததுதான்” என்று முன்னால் நடந்தாள். கடையில் தட்டு நிறைய மெல்லிய வெள்ளித் தகடுகள். கண், காது, கை, கால், தொட்டில், வீடு, படகு. நமக்கு வேண்டியதைப் பெயர் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

“அண்ணாச்சி, கழுத்துக்குக் கீழ… வயித்துக்கு மேல…” என்றேன்.

“மாருன்னு சொல்லேம்ளா, அவரு என்ன அம்மா பால் குடிக்காமலா வளந்தாரு?” என்றாள் அக்கா. அண்ணாச்சி குனிந்துகொண்டு ஒரு தகட்டை எடுத்து வைத்தார்.

“ரெண்டு எடுங்க அண்ணாச்சி” என்றாள் அக்கா.

“ஒண்ணுதானக்கா நேந்த?”

“ஒண்ணு ஒனக்கு.”

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் கையைப் பிடித்து, தெருவில் பந்தல் கால் ஓரமாக இழுத்துக்கொண்டு போனேன்.

“எப்பலேர்ந்துக்கா?”

“போன மழைக்கு முன்னயே. வலது பக்கம். புளியங்கொட்ட மாதிரி. வலியில்ல.”

“ஏன் வாயத் தெறக்கல?”

“ஊசி பட்டா ஒடம்பு பூரா பரவிரும்னு சொல்லுதாவல்லா. ஒனக்கு ஊசி போட்டாவன்னு ஜெசி சொன்னா. நீ உசுரோட வாரியான்னு பாத்துட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்.”

அம்மாமாரே, இந்த இடத்தை மட்டும் கவனமாகக் கேளுங்கள். ஊசி பட்டுப் பரவாது. நான் டாக்டர் இரண்டு பேரிடம் கேட்டுவிட்டேன். பரவுவது நாம் வாயை மூடிக்கொண்டிருக்கும் நாட்களில்தான்.

கோவிலுக்குப் போகவில்லை. இரண்டு வெள்ளித் தகட்டையும் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு நேராக ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தேன். நடைபாதையில் ஒரே கூட்டம். யார் பெயரைக் கூப்பிடுகிறார்கள், எந்த அறைக்குப் போகவேண்டும், ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் படம் எடுக்கும் அறைக்குள் அந்த இயந்திரத்தைப் பார்த்ததும் தெரிந்தவர் வீட்டுக்கு வந்ததுபோல இருந்தது. “சில்லுனு இருக்கும்க்கா. ஒரு ‘அருள் நிறைந்த’ சொல்லு, முடிஞ்சிரும்” என்றேன்.

அக்காவும் ஊசிக்குச் சம்மதித்தாள். முடிவு சொன்ன அன்று டாக்டர் பாதி இங்கிலீஷில் பேசினார். அக்கா ஒவ்வொரு பேச்சுக்கும் என் முகத்தைப் பார்த்தாள். பெர்த்தில் கற்றுக்கொண்டதை வைத்து அதை எங்கள் பேச்சில் அவளுக்குச் சொன்னேன். மேசைமேல் இருந்த அந்தப் போனாக நான் ஆகிவிட்டேன். ஒன்றைக்கூட மறைக்கவில்லை. “புத்துநோய்தான்க்கா. சின்னது. அக்குளுக்குப் பரவல. எடுத்துரலாம்னு சொல்லுதாவ.”

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “அங்க டாக்டரம்மாட்ட தோணி சோப்பப் பத்திச் சொன்னியாமே, அத இவங்கட்டயும் சொல்லு” என்றாள்.

கட்டியை எடுத்துவிட்டார்கள். இப்போது கதிர்ச் சிகிச்சை (மிச்சம் மீதி இருந்தால் கருக்கிவிடும் கண்ணுக்குத் தெரியாத கதிர்) நடக்கிறது. நான் பெர்த்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்டிருக்கிறேன். தோள் இறுகாமல் இருக்க, அக்கா தினமும் சுவரில் விரலை நண்டுபோல ஏற்ற வேண்டும். எட்டின இடத்தில் கரியால் கோடு போடுவேன். “ஏளா, நீ கள்ளக்கோடு போடுத, நேத்து இதுக்கு மேல போனேன்” என்று தினமும் சண்டை. வெள்ளையடித்த சுவர் பாழாகிவிட்டது. கோடுகள் மேலே ஏறிக்கொண்டிருக்கின்றன.

முன்பெல்லாம் எனக்கு ஒரு திருவிழாவிலிருந்து அடுத்த திருவிழாவரைக்கும்தான் ஒரு வருடம். இப்போது ஒரு படத்திலிருந்து அடுத்த படம்வரை என்று ஆகியிருக்கிறது. குளிக்கும்போது விரலைத் தட்டையாக வைத்து, சுற்றிச் சுற்றித் தடவிப் பார்க்கிறேன். பயத்தில் இல்லை. நலமா என்று விசாரிக்கிற மாதிரி. அறுபது வருடத்துக்கும் மேலாக என்னைச் சுமந்த உடம்பை இப்போதுதான் விசாரிக்கிறேன். நோய் வந்தது அக்காவுக்கு, முதலில் படம் எடுத்தது எனக்கு. யாருக்கு என்ன தீர்ந்தது என்று யோசித்தால் இன்னும் குழப்பம்தான்.

என் தகட்டைக் கோவிலில் வைத்துவிட்டு வரச் சொல்லி அக்கா விரட்டினாள். உன் சிகிச்சையும் முடியட்டும், சேர்ந்தே போவோம் என்று சொல்லிவிட்டேன். இரண்டு தகடும் ஒரு மக்ரூன் பெட்டியில், மாதா படத்துக்குப் பின்னால் இருக்கின்றன. நேற்றுத் தூசி தட்ட எடுத்தபோது கை தவறிக் கீழே விழுந்துவிட்டன. இரண்டும் ஒரே அச்சு. எது என்னுடையது, எது அவளுடையது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தும் தெரியவில்லை. அப்படியே மூடி வைத்துவிட்டேன்.