மாமனார் வீடு மாறினார்

மீன் தொட்டிக்குள் கை விடும் முன் ஜெலியாஸ்கோ கல்யாண மோதிரத்தைக் கழற்றி, பக்கத்து அலமாரியில் அதற்கென்றே இருக்கும் காப்பித் தட்டில் வைப்பார். அப்புறம் கைக்கடிகாரம். அப்புறம் சட்டைக் கையை அக்குள் வரைக்கும் சுருட்டிக்கொண்டு முக்காலியில் ஏறி, தோள் நனைய கையை இறக்குவார். புர்காஸ் துறைமுகத்து மீனவர்கள் அத்தனை பேர் கைகளையும் சேர்த்தாலும், இவருடைய வலது கை ஊறிய அளவுக்கு உப்புநீரில் ஊறியிருக்காது. கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். மீனவர்களில் பாதிப் பேரைக் கழித்துக்கொள்ளலாம். மிச்சப் பாதி சத்தியம்.

"உலோகம் எதுவும் தண்ணிக்குள்ள போகக்கூடாது" என்பது அவர் மனைவி நேத்கா போட்ட சட்டம். அவள் போய் இரண்டு வருடம் ஆகிறது. சட்டம் போகவில்லை.

லிஃப்ட் பழுது பார்ப்பது இவருக்குத் தொழில். நடுவழியில் மாட்டிக்கொண்டவர்கள் பயந்துவிடாமல் இருக்க, கதவுக்கு இந்தப் பக்கம் நின்று ஏதாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளேயிருந்து பதில் வருகிறதா இல்லையா என்று பார்க்கக்கூடாது. மீன்களிடம் பேசும் பழக்கம் அப்படி வந்ததுதான். வானிலை, அரசியல், முழங்கால் வலி, எதையும் விடமாட்டார். இரண்டு கோமாளி மீன்களும் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு கேட்கும்.

சமையலறை ஜன்னலைத் திறந்தால் கருங்கடல். அப்படியிருந்தும் மனிதர் உப்பை மூட்டையாக வாங்கி, வடிகட்டி சொட்டுச் சொட்டாகக் கொடுக்கிற தண்ணீரில் கலந்து, நீலப் பீப்பாய்களில் கடல் தயாரிப்பார். கீழ்வீட்டு கொஸ்தாதீன் கப்பலில் சமையற்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இது பொறுக்காது.

"ஊர்ல இருக்கிற லிஃப்டையெல்லாம் சரி பண்றியே, உன் மேல்மாடிக்கு ஒண்ணும் போகலையா? கடல் ஜன்னல்லயே நிக்குதுடா."

"நம்ம கடல் சப்புன்னு இருக்கும், கொஸ்தா. பாதி உப்புதான். பவளம் அதுல ஒரு நாள் தாங்காது."

"நான் நாப்பது வருஷம் அதுலதான் தாங்கினேன்."

"நீ பவளமா?"

அந்த வீட்டுப் பவளங்களில் பேர் சொல்லத் தக்கது ஒன்றே ஒன்றுதான். நேத்கா அதைக் கட்டைவிரல் அளவில் வாங்கிவந்தாள். தடித்த தண்டும், மேலே விரிந்த தொப்பியும், தொப்பி முழுக்க அசையும் சிறு விரல்களுமாக வளர்ந்தது. ஏதாவது பிடிக்கவில்லையென்றால் விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டு, மேலே மெழுகு பூசினாற்போல் ஒரு தோலைப் போர்த்திக்கொண்டு நாட்கணக்கில் முகம் கொடுக்காது. ஜெலியாஸ்கோவின் அப்பாவும் உயிரோடிருந்தவரை அப்படித்தான். அதனால் நேத்கா அதற்கு மாமனார் என்று பேர் வைத்தாள். காலையில் எழுந்ததும், "மாமனார் இன்னிக்கு நம்மோட பேசுறாரா?" என்றுதான் கேட்பாள்.

ஆஸ்பத்திரியில் கடைசியாக அவள் சொன்ன வீட்டு விஷயமும் அதுதான். "ஜெல்யோ, மாமனாருக்குத் தொப்பி கண்ணாடியில இடிக்குது. பெரிய வீடா பாரு."

பார்த்தார். ஆள் நீட்டிப் படுக்கலாம் என்கிற அளவில் ஒரு தொட்டி வந்து இறங்கியது. லிஃப்டுக்குள் போகவில்லை. லிஃப்ட்காரர் வீட்டுச் சாமான் ஐந்து மாடி படியேறிப் போன கதையை அந்தக் குடியிருப்பு இன்னும் சொல்லிச் சிரிக்கிறது. தூக்கிய நால்வரை விட, முன்னால் நடந்து வழி சொன்ன கொஸ்தாவுக்குத்தான் அதிகம் மூச்சு வாங்கியதாம். அன்றைக்கே அவர் தன் கட்டிலை அந்தத் தொட்டிக்கு நேர் கீழேயிருந்து இழுத்து, சமையலறையில் போட்டுக்கொண்டுவிட்டார்.

குடிபெயர்க்கிற வேலையில் ஜெலியாஸ்கோ எதையும் விடவில்லை. பழைய மணலில் வருடக்கணக்கான அழுக்கு புதைந்திருக்கும், கிளறினால் விஷம் என்று புது மணல் பரப்பினார். புதுத் தண்ணீரின் சூட்டையும் உப்பையும் பழையதோடு ஒத்துப்பார்த்தார். பாறைகளில் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் செத்துவிடாதபடி அவற்றை ஈரத்தோடு வாளிகளில் போட்டுக் குளியலறையில் வைத்தார். முதலில் பாறை, பிறகு மாமனார், கடைசியில் மீன் என்று வரிசை.

அன்றைக்கு நேத்காவின் அக்கா வெலிகாவும் ஐதோஸிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். கையில் செப்புக் குடம். பரீட்சையோ, பட்டாளமோ, கல்யாணமோ, எது தொடங்கினாலும் குடத்து நீரைக் கவிழ்த்து 'தண்ணி மாதிரி ஓடட்டும்' என்று வாழ்த்துவது அக்கா தங்கை பிறந்த வீட்டில் தவறாது. குடத்துக்குள் ஒரு கொத்து இலையும் ஒரு பித்தளைக் காசும் கிடக்கும். நேத்கா மணப்பெண்ணாகப் புறப்பட்ட அன்று காலால் தட்டிக் கவிழ்த்ததும் இதே குடம்தான், உள்ளே இதே காசுதான்.

குளியலறையில் பாறையும் கையுமாக இருந்த ஜெலியாஸ்கோ அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "அக்கா, தரையில மட்டும் ஊத்திடாதீங்க. ஒயரெல்லாம் கிடக்கு."

அவர் வந்து பார்த்தபோது தரை காய்ந்திருந்தது, இலைக் கொத்து வெலிகாவின் கையில் இருந்தது, குடம் காலியாக இருந்தது. பாத்திரம் கழுவுகிற இடத்தில் ஊற்றியிருப்பாள் என்று நினைத்து, கையிலிருந்த பாறையைத் தொட்டியின் பின்மூலையில் இறக்கினார்.

புது வீட்டில் இறக்கியதும் மாமனார் மூடிக்கொண்டார். வீடு மாறினால் யாருக்கும் நாலு நாள் கோபம் இருக்கத்தானே செய்யும்? ஜெலியாஸ்கோ சிரித்துக்கொண்டே, "உங்க மருமக சொல்லித்தான் கட்டினேன், என்கிட்ட ஏன் முறைக்கிறீங்க?" என்று சமாதானம் பேசினார். ஒரு வாரம் பேசினார். நத்தைகள் கண்ணாடியை விட்டு ஒவ்வொன்றாக உதிர்ந்தன. இறால் மல்லாந்து கிடந்தது. மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்போதும் மாமனார் கோபத்தில்தான் இருக்கிறார் என்று நம்பினார். வேறு எந்தப் பவளமாக இருந்திருந்தாலும் முன்பே சந்தேகப்பட்டிருப்பார். இதன் சுபாவம் தெரிந்திருந்ததே கெடுதலாகப் போயிற்று.

தொப்பியின் ஓரம் கரையத் தொடங்கி, வீட்டில் அழுகல் வாடை வந்த பிறகுதான் மீனை விட்டுவிட்டு நத்தை, இறால், பவளத்தை மட்டும் கொல்லுகிற செம்பு நீரில் இருக்கிறதா என்று சோதித்தார். குப்பி நீலமாயிற்று, செம்பு இருந்தது. பம்பில் திருகு துருப்பிடித்ததோ என்று கழற்றிப் பார்த்தார். சூடேற்றியைப் பார்த்தார். பிறகு அடுக்கிய பாறைகளை ஒவ்வொன்றாக எடுத்தார். பின்மூலைப் பாறைக்கு அடியில், மணலில் பாதி புதைந்து, பச்சை பூத்துக் கிடந்தது குடத்துப் பித்தளைக் காசு.

முக்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். 'தரையில ஊத்தாதீங்க' என்று சொன்னது இவர்தான். வேறெங்கே ஊற்றுவாள்? தண்ணீரைத் தண்ணீரில் ஊற்றியிருக்கிறாள்.

மாமனாரில் கெட்டியாக மிஞ்சியது கட்டைவிரல் அளவுதான். அதைச் சவரக் கத்தியால் வெட்டி, ஒரு கல்லில் வைத்து நூலால் கட்டி, பழைய சின்னத் தொட்டியில் புதுத் தண்ணீர் நிரப்பி உள்ளே இறக்கினார். மிச்சத்தைச் செய்தித்தாளில் சுற்றிக் கீழே கொண்டுபோய் எலுமிச்சை வாசனை வீசும் லிண்டன் மரத்தடியில் புதைத்தார். ஜன்னலிலிருந்து கொஸ்தா பார்த்துக்கொண்டிருந்தார்.

காசை வினிகரும் உப்பும் போட்டு, பச்சை போகும்வரை தேய்த்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐதோஸுக்குப் போனவர், வெலிகா காப்பி போட உள்ளே போன நேரம் பார்த்து, அலமாரியிலிருந்த குடத்துக்குள் சத்தமில்லாமல் அதைப் போட்டுவிட்டார்.

நேத்காவின் இரண்டாம் வருட நினைவு நாளுக்கு வெலிகா கோதுமையை வேகவைத்து, சர்க்கரையும் வாதுமைத் தூளும் தூவி எடுத்துவந்தாள். கொஸ்தாவும் மேலே வந்து, இறந்தவளுக்காக முதல் சொட்டு ஒயினைத் தரையில் சிந்திவிட்டு உட்கார்ந்தார். பெரிய தொட்டியில் பாறையும் இரண்டு மீனும்தான். அதைப் பார்த்துக்கொண்டே, மாமனாருக்கு உண்மையில் என்னதான் ஆயிற்று என்று கேட்டார்.

"மட்டமான உப்பு, கொஸ்தா," என்றார் ஜெலியாஸ்கோ. "மலிவா கெடைக்குதேன்னு வாங்கினேன். என் தப்பு."

வெலிகா கரண்டியைக் கீழே வைத்தாள். எழுந்து அலமாரிப் பக்கம் போனாள். வீங்கிய விரலிலிருந்து மோதிரம் சுலபத்தில் வரவில்லை. எச்சில் தொட்டு, திருகித் திருகிக் கழற்றி, காப்பித் தட்டில், காலையில் அவர் கழற்றிவைத்திருந்த மோதிரத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, சின்னத் தொட்டியில் நூலால் கட்டியிருந்த அந்தக் கல்லுக்குப் பக்கத்தில், தொடாமல், கையை மெல்ல இறக்கினாள்.

"எங்கம்மா காலத்துலேருந்து கறுத்துக் கிடந்த காசு," என்றாள், திரும்பாமலே. "இப்போ பொன்னு மாதிரி மின்னுது. உப்பு நல்ல உப்புதான், கொஸ்தா."