டோரீன் நன்றி சொல்லாத சந்து

இங்கிலாந்தில் சாண்ட்விச் என்ற எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஊர்ப் பெயரை வைத்து ஒரே ஜோக்கைத்தான் அடிப்பார்கள். டோரீன் டாப்செல் அதற்குச் சிரிக்கவே மாட்டாள். சனிக்கிழமைதோறும் அவர்களைக் கூட்டிக்கொண்டு பழைய துறைமுகத்தைச் சுற்றிக் காட்டுவாள். கடல் எங்களை விட்டு விலகிப்போய்ப் பல நூற்றாண்டாகிறது. மிஞ்சியது ஆறுதான். அவள் நடை கடைசியில் ஆற்றங்கரையில்தான் முடியும், அதுவும் கிடங்குச் சந்து வழியாக.

மற்ற வழிகளில் படிக்கட்டு. டோரீனின் அக்கா ஈனிட் சக்கர நாற்காலியில் இருப்பவள். தினமும் ஆற்றைப் பார்க்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

போன வருஷம் லண்டன்காரர் ஜூலியன் ஹார்க்கோர்ட் அந்தச் சந்தோடு சேர்த்துப் பழைய கிடங்கை வாங்கினார். சந்தில் கதவு போட்டார். பூட்டவில்லை. 'உரிமையாளரின் அன்பான அனுமதியுடன் அனைவரும் செல்லலாம்' என்று ஒரு பலகையும் வைத்தார். ஊரே உருகிப்போய் நன்றி சொன்னது. என் டீக்கடையிலிருந்து நானும் அவருக்குக் கேக் அனுப்பினேன்.

டோரீன் கடைக்குள் வந்து கத்தினாள். "உனக்குப் புத்தி கெட்டுப் போச்சாடி? கேக்காம நடந்தாதான் அது ஊர்ப் பாதை. அனுமதி வாங்கி நடந்தா அவர் வீட்டு வாசல். இன்னிக்கு அன்பா குடுக்கறவரு நாளைக்கு அன்பாவே பூட்டிக்குவாரு."

"அவரு நல்ல மனுஷன்டி."

"அவரு நல்லவரு. நாளைக்கு வாங்கறவன்?"



இது ஊர்ப் பாதைதான் என்று டோரீன் மாவட்ட அலுவலகத்தில் மனு போட்டாள். ஹார்க்கோர்ட் வழியில் பார்த்துக் கையசைத்தால், "இன்னிக்கு மழை வரும்" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. தன் காலை மிதித்தவனிடமே மன்னிப்புக் கேட்கிற ஊர் எங்களுடையது. இங்கே இப்படி நன்றி சொல்லாமல் வாயைக் கட்டுவது லேசில்லை.

நேரில் பார்க்க அதிகாரி வந்த சனிக்கிழமை மழை கொட்டியது. டோரீன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வர, பின்னால் அதிகாரியும் வெளியூர்க் கூட்டமும். நான் குடையோடு போனேன். ஹார்க்கோர்ட் ஓடிவந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"வாங்க டோரீன், நனையாதீங்க."

டோரீன் நின்றுவிட்டாள். "கதவை விடுங்க."

"ஒரு உதவிதானே?"

"தெரியும். விடுங்க."

"நனையறேன்டி!" என்று ஈனிட் கூச்சல் போட்டாள். "ஒரு நன்றி சொன்னா வாய் வெந்தா போயிடும்?"

டோரீன் அசையவில்லை. தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அந்த நிமிஷம் அவள்மீது எனக்குப் பயங்கரக் கோபம். ஹார்க்கோர்ட் முகம் சிவந்து கையை எடுத்தார். கதவு தானாக மூடிக்கொண்டது. பிறகு டோரீன் அதை இடுப்பால் இடித்துத் திறந்து, நாற்காலியை உள்ளே தள்ளினாள். கூட்டம் ஒவ்வொருவராகக் கதவைப் பிடித்துப் பின்தொடர்ந்தது.

ஆற்றங்கரையில் அதிகாரி குனிந்து ஈனிடிடம் கேட்டார். "இத்தனை வருஷமா இப்படி வரீங்களே, யார்கிட்ட அனுமதி வாங்கினீங்க?"

 இவள் ஹார்க்கோர்ட் பேரை உளறிவிட்டால் எல்லாம் போச்சு.

ஈனிட் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அனுமதியா? ஆத்துக்குப் போறதுக்கா?"

அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார். வசந்தத்தில் சந்து ஊர்ப் பாதை என்று தீர்ப்பானது. அந்த ஒரு பதில்தான் வென்றது என்று நான் அடித்துச் சொல்வேன்.